தார் சுற்றும் கையும் திருத்தொண்டும்

சிறு வயதில் கேட்ட ஒரு மறையுரை இன்னும் நினைவில் இருக்கிறது. குருப்பட்டம் பெறச் சில மாதங்களே இருந்த ஓர் இளைஞர் அன்று பீடத்தில் நின்று பேசினார். அப்போது அவர் திருத்தொண்டர். பேச்சு முழுக்க அவருடைய அம்மாவைப் பற்றி. விடியுமுன் எழுந்துகொள்வார், எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் மிச்சத்தைச் சாப்பிடுவார், தனக்கென்று எதையும் கேட்டதில்லை, தொண்டு என்பதை நான் கற்றுக்கொண்ட முதல் பள்ளி அவர்தான் என்றார். பெண்கள் பக்கத்தில் பலர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கும் தொண்டை அடைத்தது.

வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் என் அம்மா ராட்டையின் முன் உட்கார்ந்துவிட்டார். மறுநாள் தறிக்கு வேண்டிய தார் சுற்ற வேண்டும். "நல்லா பேசுனாரு இல்லம்மா?" என்று கேட்டேன். இழை அறுந்துவிடாமல் பார்த்துக்கொண்டே, "அந்தம்மா வந்து பேசியிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்" என்றார்.

அம்மா அதைக் கிண்டலாகச் சொன்னாரா, யோசித்துச் சொன்னாரா என்று அன்று எனக்கு விளங்கவில்லை. திருத்தொண்டர்கள் எழுதியவற்றையும் பேசியவற்றையும் படிக்கத் தொடங்கிய பிறகு, அம்மா கேட்ட கேள்வியைத்தான் நானும் அவற்றிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று புரிந்தது. நம்பிக்கை, பணி, அன்றாட வாழ்க்கை என்ற மூன்றையும் சேர்த்துப் பேசும் இந்த எழுத்தில், அன்றாடத்தைச் சுமப்பவர் யார், அதைப் பற்றிப் பேசுபவர் யார்?

திருத்தொண்டர் யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கத்தோலிக்கத் திருச்சபையில் திருப்பட்டத்துக்கு மூன்று படிகள் உண்டு: ஆயர், குரு, திருத்தொண்டர். திருத்தொண்டர் நற்செய்தி வாசித்து மறையுரை ஆற்றலாம், திருமுழுக்குக் கொடுக்கலாம், திருமணத்தை ஆசீர்வதிக்கலாம், அடக்கச் சடங்கை நடத்தலாம். திருப்பலி நிறைவேற்றவும் பாவசங்கீர்த்தனம் கேட்கவும் முடியாது. தமிழ்நாட்டுப் பங்குகளில் நாம் பார்ப்பவர்கள் பெரும்பாலும் குருவாகும் வழியில் இந்தப் படியில் சில மாதங்கள் நிற்பவர்கள். மேற்கத்தியத் திருச்சபையிலும் பல நூற்றாண்டுகள் இதுவே நடைமுறையாக இருந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் பழைய வழக்கத்தை மீட்டெடுத்தது. அதன்படி, மணமான ஆண்களும் நிரந்தரமாகத் திருத்தொண்டராக இருக்கலாம். 1967இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அதற்கான விதிகளை வெளியிட்டார். இன்று உலகில் ஏறத்தாழ 50 ஆயிரம் நிரந்தரத் திருத்தொண்டர்கள் இருக்கிறார்கள். பெரும்பகுதியினர் அமெரிக்கக் கண்டத்திலும் ஐரோப்பாவிலும் வாழ்பவர்கள். இந்தியாவில் எண்ணிக்கை மிகக் குறைவு. மும்பை உயர்மறைமாவட்டத்தில் மணமான திருத்தொண்டர்கள் பணிபுரிகிறார்கள்.

இவர்களால் ஒரு தனி எழுத்துவகை வளர்ந்திருக்கிறது. வேலைக்குப் போய்வருகிற, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிற, மனைவியோடு சண்டை போட்டுச் சமாதானமாகிற ஒருவர் பீடத்தில் நிற்கும்போது, அவர் பேச்சில் சமையலறையும் ஆஸ்பத்திரி வராந்தாவும் வீட்டுக்கடனும் வந்துவிடுகின்றன. இதை நான் குறைவாக மதிப்பிடவில்லை. குடும்பத்தைத் துறந்தவர்களே குடும்பத்தைப் பற்றி அறிவுரை சொல்லிக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் அந்த எழுத்தில் மனைவி எப்படி வருகிறார் என்று கவனியுங்கள். அவர் பொறுமைக்கு உதாரணம், மன்னிப்புக்கு உதாரணம், சில சமயம் கணவனின் தற்பெருமையைத் தட்டிவைக்கிற நகைச்சுவைப் பாத்திரம். கதை அவர் வீட்டில் நடக்கிறது, அதிலிருந்து பாடத்தை எடுத்துச் சொல்வது கணவரின் வேலை. திருப்பலியில் மறையுரை ஆற்றும் உரிமை குருவுக்கும் திருத்தொண்டருக்கும் மட்டுமே என்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 767ஆம் விதி சொல்கிறது. திருமுழுக்குப் பெற்ற ஆண் மட்டுமே செல்லுபடியாகத் திருப்பட்டம் பெற முடியும் என்கிறது 1024ஆம் விதி. இந்த இரண்டு விதிகளையும் சேர்த்துப் படித்தால், ஒரு பெண் தன் வாழ்க்கையிலிருந்து எடுத்த மறையுரையைத் திருப்பலியில் உட்கார்ந்து கேட்க மட்டுமே முடியும்.

அதே சட்டத்தொகுப்பில் இன்னொரு விதி இருக்கிறது. மணமான ஆண் 35 வயது நிறைந்த பிறகே, மனைவியின் சம்மதத்தோடு மட்டுமே, நிரந்தரத் திருத்தொண்டராகலாம் என்கிறது 1031ஆம் விதி. சம்மதத்துக்குச் சான்றும் தர வேண்டும். இதில் ஒரு மரியாதை இருக்கிறது என்பதை மறுக்கமாட்டேன். கணவன் எடுக்கும் முடிவு மனைவியின் வாழ்க்கையையும் மாற்றும் என்பதைச் சட்டம் ஒப்புக்கொள்கிறது. ஞாயிற்றுக்கிழமைகள் போகும், மாலைகள் போகும், பங்கு மக்கள் நேரங்காலம் பார்க்காமல் கதவைத் தட்டுவார்கள். ஆனால் அந்தப் பெரிய மாற்றத்தில் அவரிடம் கேட்கப்படுவது சம்மதம் ஒன்றுதான். அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு அவர் எழுதவேண்டிய இடம் எதையும் சட்டம் வைக்கவில்லை.

தமிழில் இந்தப் பட்டத்துக்கு நாம் வைத்திருக்கும் பெயரையும் யோசிக்க வேண்டும். 'திருத்தொண்டர்' என்பது கிறிஸ்தவர்கள் உருவாக்கிய சொல் அல்ல. சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் எழுதிய பெரியபுராணத்தின் மறுபெயரே திருத்தொண்டர் புராணம்தான். அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டபோது அதற்குள் இருந்த குடும்பக் கதைகளும் கூடவே வந்துவிட்டன என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இளையான்குடி மாறநாயனார் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். அடியார்களுக்குச் சோறு போட்டே ஏழையானவர் அவர். மழை கொட்டும் இரவில் ஒரு விருந்தாளி வருகிறார். வீட்டில் ஒரு மணி அரிசி இல்லை. என்ன செய்வது என்று கணவர் கேட்க, இனி யாரும் கடன் தரமாட்டார்கள், பகலில் வயலில் விதைத்த நெல்லை வாரிக்கொண்டு வந்தால் சமைக்கலாம் என்று வழி சொல்பவர் மனைவி. அவர் இருட்டில் போய் வாரிவருகிறார். மனைவி வாசலில் காத்திருந்து வாங்கிச் சேற்றைக் கழுவுகிறார். விறகில்லாததற்குக் கூரையின் மரத்தை வெட்டிக் கொடுக்கிறார் கணவர். ஈரநெல்லை வறுத்துக் குத்தி அரிசியாக்கி உலை வைப்பவர் மனைவி. பறித்து வந்த கீரையைப் பலவிதக் கறியாக்குபவரும் அவரே. யோசனையும் சமையலும் அவருடையவை. ஆனால் 63 நாயன்மார் பட்டியலில் இருப்பது மாறனாரின் பெயர். மனைவிக்குக் காப்பியத்தில் பெயரே இல்லை. இயற்பகை நாயனாரோ, அடியாராக வந்தவர் கேட்டார் என்பதற்காக மனைவியையே கொடுத்துவிடுகிறார். அந்தப் பெண் முதலில் கலங்குகிறார், பிறகு தெளிந்து கணவர் சொன்னதை ஏற்கிறார். அங்கேயும் பெண்ணின் பங்கு சம்மதம்.

63 பேரில் பெண்கள் மூவர். அவர்களில் காரைக்கால் அம்மையார் மட்டுமே தன் அனுபவத்தைத் தானே பாடியவர். அதற்கு அவர் கணவனின் வீட்டிலிருந்தும் தன் அழகிய உடலிலிருந்தும் வெளியேறிப் பேயுருவம் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. வீட்டுக்குள் இருந்துகொண்டே தொண்டைப் பற்றித் தன் குரலில் பேசிய பெண்ணுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. சைவம், கத்தோலிக்கம் என்ற எல்லைகளைத் தாண்டி, தமிழில் 'தொண்டு' என்று சொல்லும்போதே இந்த வழக்கமும் சேர்ந்தே ஒலிக்கிறது.

இந்த இடத்தில், திருத்தொண்டர்களிலேயே மிகப் பெரிய எழுத்தாளரான புனித எபிரேமிடம் போக வேண்டும். ஆண்டுதோறும் ஜூன் 9ஆம் தேதி நம் திருவழிபாட்டு நாட்காட்டியில் வருபவர். சுமார் 306இல் நிசிபிசில் பிறந்தவர். அந்த ஊர் இன்றைய துருக்கியின் எல்லையோர நகரமான நுசைபின். 363இல் அது பாரசீகர் கைக்குப் போனபோது வெளியேறி, கடைசிப் பத்தாண்டுகள் எதேசாவில் வாழ்ந்து 373இல் இறந்தார். சிரியாக் மொழியில் நூற்றுக்கணக்கான பாடல்கள் எழுதினார். 1920இல் திருச்சபை அவரை மறைவல்லுநராக அறிவித்தது. ஆயரோ குருவோ ஆகாமல், திருத்தொண்டராகவே இருந்து மறைவல்லுநர் வரிசையில் இடம்பெற்றவர். அவர் நமக்கு அவ்வளவு தொலைவானவரும் அல்ல. கேரளத்துச் சிரியாக் மரபுத் திருச்சபைகளின் வழிபாட்டில் அவருடைய பாடல்களும் அவர் பெயரால் வழங்கும் மன்றாட்டுகளும் ஊறியிருக்கின்றன. கோட்டயத்தில் 1985 முதல் அவர் பெயரிலேயே ஓர் ஆய்வு நிறுவனம் இயங்குகிறது.

எபிரேமை நான் விரும்பிப் படிப்பதற்குக் காரணம் அவர் அன்றாடப் பொருள்களை வைத்துச் சிந்திப்பதுதான். முத்து, கண்ணாடி, விளக்கெண்ணெய், அப்பம், நெருப்பு. கடவுளை ஆராய்ந்து அளந்துவிடலாம் என்று நினைத்த அக்கால அறிஞர்களை அவர் சந்தேகத்தோடு பார்த்தார். கையில் இருக்கும் சாதாரணப் பொருளை உற்றுப் பார்த்தால் போதும் என்பது அவர் வழி. பஞ்ச காலத்தில் அவர் செய்த பணியும் வெறும் பேச்சு அல்ல. எதேசாவில் பசியால் மக்கள் சாகையில், பதுக்கி வைத்திருந்த செல்வந்தர்களைக் கண்டித்துப் பணம் பெற்று, நோயாளிகளுக்காகச் சுமார் 300 படுக்கைகள் போட ஏற்பாடு செய்தார் என்று 5ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் சோசோமென் எழுதுகிறார்.

இன்னொன்றும் செய்தார். தன் பாடல்களைப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்துக் கோவிலில் பாடவைத்தார். 'உடன்படிக்கையின் புதல்வியர்' என்று அழைக்கப்பட்ட, துறவு வாக்கு எடுத்த பெண்கள் அவர்கள். சுமார் 150 ஆண்டுகளுக்குப் பிறகு, சரூகின் யாக்கோபு என்ற ஆயர் எபிரேமைப் புகழ்ந்து எழுதிய பாடலில் இதைத்தான் தலையான சாதனையாகச் சொல்கிறார். ஏவாளால் மூடப்பட்ட பெண்களின் வாய் மரியாவால் திறந்தது, ஆகவே அவர்கள் பாடுவது முறையே என்பது அவர் வாதம். இப்படி வாதாட வேண்டியிருந்தது என்பதே, பெண்கள் கோவிலில் குரல் எழுப்புவதைச் சிலர் குறைசொல்லியிருப்பார்கள் என்று நம்மை ஊகிக்க வைக்கிறது. எபிரேம் அந்தக் குறையைப் பொருட்படுத்தவில்லை. அவருடைய கிறிஸ்து பிறப்புப் பாடல்களில் மரியா தன் குழந்தையோடு நேரடியாகப் பேசுகிறார். தாமார், இராகாபு, ரூத்து என்று ஊரார் இழிவாகப் பார்த்த பெண்களை அவர் துணிச்சல்காரிகளாகக் காட்டுகிறார். 4ஆம் நூற்றாண்டில் இது சிறிய காரியம் இல்லை.

ஆனாலும் அந்தப் பெண்கள் பாடியது எபிரேமின் சொற்களை. மரியா பேசுவதும் எபிரேமின் வார்த்தைகளில்தான். பாடிய பெண்களில் ஒருத்தியின் பெயரும் அந்தப் பாடல்களில் பதிவாகவில்லை. 300 படுக்கைகளுக்கும் கஞ்சி காய்ச்சியவர்கள், மலம் துடைத்தவர்கள் யார் என்று அந்த வரலாற்றிலும் இல்லை. நான் எபிரேமைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. குரல் கொடுப்பதும் சொல்லைக் கொடுப்பதும் இரு வேறு காரியங்கள் என்பதை அவரை வைத்துப் பார்க்க முடிகிறது என்கிறேன்.

ஆரணியில் இருந்து படிப்பவளுக்கு எபிரேமிடம் இன்னொன்றும் கண்ணில் படும். அவருடைய இறையியல் முழுக்கத் துணி. கடவுள் மனிதரானார் என்பதைச் சொல்ல, அக்காலச் சிரியாக் கிறிஸ்தவர்கள் 'உடலை உடுத்திக்கொண்டார்' என்றார்கள். எபிரேம் அந்தப் படிமத்தை எடுத்து விரிக்கிறார். ஆதாம் மகிமையின் ஆடையை இழந்தான். கிறிஸ்து மரியாவிடமிருந்து உடல் என்ற ஆடையை உடுத்தினார், மரியா அவருடைய மகிமையை உடுத்தினார். யோர்தான் ஆற்றில் அந்த இழந்த ஆடை நமக்காக வைக்கப்பட்டது, திருமுழுக்கில் அதைத் திரும்ப எடுத்து உடுத்துகிறோம். படிக்கப் படிக்க அழகாக இருக்கும். ஆனால் இந்தக் கதையில் பெரும்பாலும் உடுத்துவதும் இழப்பதும் மீண்டும் பெறுவதும்தான் முன்னே நிற்கின்றன. நெய்வது பின்னே போய்விடுகிறது. ஆடை யாருக்கு மகிமை தருகிறது என்பதுதான் அங்கே கேள்வி.

எங்கள் ஊரில் கேள்வி வேறு இடத்தில் தொடங்கும். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு, ஊர் பெயருக்கு மதிப்பு உண்டு. ஒரு பட்டுச் சேலை தறியில் ஏறுவதற்கு முன்னும் பின்னும் எத்தனை வேலை இருக்கிறது என்று பாருங்கள். முதலாளி கொடுத்த பாவை விடியற்காலையில் வெயில் ஏறுமுன் தெருநீளத்துக்கு இழுத்துக் கட்டிச் சரிசெய்ய வேண்டும். தீர்ந்துபோன பாவின் இழை முனை ஒவ்வொன்றோடும் புதுப் பாவின் இழை முனையை விரலால் முறுக்கி இணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள், ஒன்று தவறினாலும் சேலையில் கோடு விழும். ஊடைக்குரிய பட்டை ராட்டையில் போட்டுத் தார் சுற்ற வேண்டும், நாடாவில் தார் தீரத் தீர அடுத்தது தயாராக இருக்க வேண்டும். இவற்றில் பெரும்பகுதியைச் செய்வது வீட்டுப் பெண்கள். சமையலும் பிள்ளைகளும் இதற்கு நடுவே. தறியில் உட்கார்ந்து தாங்களே நெய்பவர்களும் இருக்கிறார்கள். 2019–20இல் எடுத்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நாட்டின் சுமார் 35 லட்சம் கைத்தறித் தொழிலாளர்களில் 70 சதவீதத்துக்கும் மேல் பெண்கள். ஆனால் 'நெசவாளி' என்று சொன்னால் இன்னும் நம் மனக்கண்ணில் வருவது ஓர் ஆண். சேலைக்குக் கூலி ஒன்று, கூலி நோட்டில் பெயரும் பெரும்பாலும் ஒன்று. "தறி அவரோடது, நான் கூடமாட ஒத்தாசை" என்று பெண்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். இந்த 'ஒத்தாசை' என்ற சொல்லுக்கும் கோவிலில் பெண்கள் செய்வதற்கு நாம் வைத்திருக்கும் சொற்களுக்கும் அதிக தூரமில்லை.

பங்குகளைச் சுற்றிப் பார்த்தால் தெரியும். அன்பியக் கூட்டங்களை வீடுவீடாக நடத்துவது, மறைக்கல்வி வகுப்பு எடுப்பது, நோயாளிகளைப் பார்ப்பது, சாவு வீட்டில் இரவெல்லாம் செபமாலை சொல்வது, கோவிலைப் பெருக்கிப் பீடத்துணியைத் துவைத்துப் போடுவது என்று எங்கும் பெண்கள்தான், அவர்களோடு கன்னியர்களும். வேதாகமத்தின் கிரேக்கச் சொல்லான 'தியாகொனோஸ்' குறிக்கும் பணிகளைச் சட்டப்படி ஒருவர் பெயரில் எழுதவேண்டும் என்றால், முதலில் எழுத வேண்டியவர்கள் இவர்கள். ஆனால் இவர்கள் செய்யும்போது அது பழக்கம், உதவி, பக்தி. ஓர் ஆணுக்கு அருள்பொழிவு நடந்த மறுநாள் அதே வேலை 'திருப்பணி' ஆகிவிடுகிறது.

வரலாறு எப்போதும் இப்படி இருந்ததா என்றால் இல்லை. புனித பவுல் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் 16ஆம் அதிகாரத்தில், கெங்கிரேயா சபையின் பெபேயாளை 'தியாகொனோஸ்' என்றே அழைக்கிறார். பழைய சீர்திருத்தச் சபை மொழிபெயர்ப்பு அந்தச் சொல்லுக்கு இட்டது 'ஊழியக்காரி'. அந்தத் திருமுகத்தை உரோமைக்குக் கொண்டுபோனவர் பெபேயாளே என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். 1990இல் ஜான் காலின்ஸ் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர், பழைய கிரேக்க நூல்களில் இந்தச் சொல் தாழ்மையான பந்தி பரிமாறுதலைவிட, ஒருவரிடமிருந்து பொறுப்புப் பெற்றுத் தூது செல்வதையே அதிகம் குறிக்கிறது என்று விரிவாக வாதாடினார். அவர் சொல்வது சரியென்றால், தொண்டு என்றாலே குனிந்து நிற்பது என்று பெண்களுக்கு நாம் போதித்துவந்ததில் ஒரு பிழை இருக்கிறது.

3ஆம் நூற்றாண்டுச் சிரியாவில் எழுதப்பட்ட 'திதஸ்காலியா' என்ற நூல், பெண் திருத்தொண்டர்கள் தேவை என்று வெளிப்படையாகச் சொல்கிறது. பிற சமயத்தார் வீட்டுப் பெண்களிடம் ஆண் போக முடியாது, திருமுழுக்கில் பெண்ணின் உடலில் எண்ணெய் பூச ஆண் கூடாது, நோயுற்ற பெண்ணைப் பார்க்கப் பெண் வேண்டும் என்பவை காரணங்கள். 451இல் கூடிய கல்செதோன் பொதுச்சங்கம், 40 வயதுக்குக் குறைந்த பெண்ணைத் திருத்தொண்டராக நியமிக்கக் கூடாது என்று விதி போட்டது. இல்லாத ஒன்றுக்கு யாரும் வயது வரம்பு வைப்பதில்லை.

அந்தக் காலத்துக் கான்ஸ்தாந்திநோபிளில் ஒலிம்பியாஸ் என்ற பெண் திருத்தொண்டர் இருந்தார். தன் பெருஞ்செல்வத்தைச் சபைக்கும் ஏழைகளுக்கும் கொடுத்தவர். ஆயர் யோவான் கிறிசோஸ்தோமின் நெருங்கிய தோழி. 404இல் யோவான் நாடுகடத்தப்பட்டபோது ஒலிம்பியாசும் துன்புறுத்தப்பட்டார். நாடுகடத்தலில் இருந்து யோவான் அவருக்கு எழுதிய 17 கடிதங்கள் இன்றும் நமக்குக் கிடைக்கின்றன. அவற்றில் யோவான் பதில் சொல்கிறார், சமாதானம் செய்கிறார், உன் மனச்சோர்வை விடு என்று வேண்டுகிறார். எதற்குப் பதில், எந்தச் சோர்வு என்பதை நாம் ஊகிக்கத்தான் வேண்டும். ஒலிம்பியாஸ் எழுதிய ஒரு கடிதம்கூட மிஞ்சவில்லை. ஒரு திருத்தொண்டரின் நம்பிக்கையும் பணியும் அன்றாடமும் அந்தக் கடிதங்களில் இருந்திருக்கும். சிறுவயதில் அம்மா சொன்னது எனக்கு மிக அழுத்தமாக நினைவுக்கு வந்தது இந்தப் 17 கடிதங்களைப் பற்றிப் படித்தபோதுதான்.

இன்றைய நிலை என்ன? 2009இல் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் சட்டத்தொகுப்பைத் திருத்தி, ஆயரும் குருவும் தலைவராம் கிறிஸ்துவின் ஆளுமையில் செயல்படுகிறார்கள், திருத்தொண்டரோ வழிபாடு, இறைவார்த்தை, பிறரன்பு ஆகியவற்றில் மக்களுக்குப் பணிசெய்ய ஆற்றல் பெறுகிறார் என்று பிரித்துக் காட்டினார். கிறிஸ்து ஆண் என்பதால் பீடத்தில் ஆண்தான் நிற்க வேண்டும் என்ற வாதம், இந்தப் பிரிவுக்குப் பிறகு திருத்தொண்டர் விஷயத்தில் வலுவிழக்கிறது. 2016இலும் 2020இலும் திருத்தந்தை பிரான்சிஸ் பெண் திருத்தொண்டர் பற்றி ஆராயக் குழுக்கள் அமைத்தார். 2021இல் வாசகர், பீடப்பணியாளர் என்ற நிலையான பணிகள் பெண்களுக்கும் திறக்கப்பட்டன. 2024 அக்டோபரில் முடிந்த ஆயர் மாமன்றத்தின் இறுதி ஆவணம், இந்தக் கேள்வி திறந்தே இருக்கிறது என்றது. அந்தப் பத்திக்குத்தான் மிக அதிக எதிர்ப்பு வாக்குகள் விழுந்தன: 97. 2025 டிசம்பரில் வெளியான இரண்டாம் குழுவின் அறிக்கை, திருப்பட்டத்தின் படியாகப் பெண்களுக்கு இதைத் தருவதற்கு இப்போதைக்கு எதிராக நின்றது. இது இறுதித் தீர்ப்பு அல்ல என்றும் சொன்னது. ஆரணி வேலூர் மறைமாவட்டத்தில் இருக்கிறது. தென்னிந்தியத் திருச்சபையின் வேலூர் பேராயமும் இதே பகுதியைச் சேர்ந்தது. அந்தத் திருச்சபையில் பெண்கள் குருக்களாக அருள்பொழிவு பெற்றுப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. 2013இல் ஆந்திரத்தின் நந்தியால் பேராயத்துக்குப் புஷ்பலலிதா பேராயராகவே பொறுப்பேற்றார். இது எங்கோ நடக்கும் அதிசயம் இல்லை.

ஒரு மறுப்பை இங்கே நேர்மையாக எடுத்துக்கொள்ள வேண்டும். பட்டம் கிடைத்துவிட்டால் சரியாகிவிடுமா? பெண்ணியக் கத்தோலிக்க இறையியலாளர் எலிசபெத் ஷுஸ்லர் பியோரென்சா பல ஆண்டுகளாக இதைக் கேட்டுவருகிறார். மேலிருந்து கீழாக அடுக்கிய ஏணியில் கடைசிப் படியைப் பெண்களுக்குக் கொடுப்பது, 'பணிவிடை' என்ற பழைய இடத்தையே புனிதப்படுத்துவதாகாதா என்பது அவர் கவலை. நெசவுத் தெருவில் வளர்ந்தவளுக்கு இந்தக் கவலை புரிகிறது. கூலி நோட்டில் பெண்ணின் பெயரை எழுதிவிட்டுக் கூலியைக் கூட்டாமல் விட்டால், அவள் வேலை குறையாது. ஆனால் பெயர் எழுதாமல் விட்டால் கூலி கேட்கவே முடியாது என்பதையும் அதே தெருதான் கற்றுத்தந்தது. பெயர் வேண்டும், அதோடு ஏணியைப் பற்றிய கேள்வியும் வேண்டும். ஒன்றைக் காட்டி இன்னொன்றைத் தள்ளிப்போட வேண்டாம்.

படிக்கிற நமக்கு, மாணவிகளுக்கு, இதில் செய்ய ஒரு வேலை இருக்கிறது. அதற்கு வத்திக்கானின் முடிவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. இனி ஒரு திருத்தொண்டரின் சிந்தனைகளைப் படிக்கும்போது, அல்லது மறையுரையில் அம்மாவின் கதையைக் கேட்கும்போது, இந்தக் கதையில் வேலை செய்தவர் பேசுகிறாரா, பேசப்படுகிறாரா என்று குறித்துக்கொள்ளுங்கள். மாறநாயனார் கதையை மனைவியின் பக்கமிருந்து சொல்லிப் பாருங்கள். விதைநெல்லைச் சமைத்துவிட்ட பிறகு அடுத்த மாதத்துக்கு என்ன வழி என்று அவர் யோசித்திருப்பார். ஒலிம்பியாசின் பதில் கடிதங்களில் என்ன இருந்திருக்கும் என்று யோவானின் கடிதங்களைக் கொண்டே எழுதிப் பாருங்கள். உங்கள் வீட்டில் தார் சுற்றுபவரிடம், பீடத்தில் பத்து நிமிடம் கொடுத்தால் என்ன பேசுவீர்கள் என்று கேளுங்கள்.

நான் அம்மாவிடம் கேட்டேன். முதலில் சிரித்தார். பிறகு, "மார்த்தாளப் பத்திப் பேசுவேன்" என்றார். இயேசு வீட்டுக்கு வந்தபோது மரியாள் காலடியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க, வேலை செய்து களைத்துக் குறைசொன்ன அக்காள் மார்த்தாள். அவர் செய்த வேலையைக் குறிக்க லூக்கா பயன்படுத்துவதும் 'தியாகோனியா' என்ற சொல்தான். அம்மாவுக்கு அந்தக் கிரேக்கம் தெரியாது. "நல்ல பங்கத் தெரிஞ்சுகிட்டவ மரியாள்னு சொல்லி எல்லாச் சாமியாரும் முடிச்சுடறாங்க. அன்னிக்கு ராத்திரி அவங்க எல்லாரும் சாப்பிட்டாங்களா இல்லியா, அத யாரும் சொல்லல" என்றார்.